காரில் ஒரு கண்ணாடி உடைப்பான்: கைக்கு எட்டுகிறதா?

கடைக்கு ஷட்டர் போடும்போது பூட்டு எந்தக் கம்பெனி, சாவி எத்தனை, ஒன்று தொலைந்தால் மற்றொன்று யாரிடம் இருக்கும் என்று நாம் பத்து முறை யோசிக்கிறோம். குடோனுக்குத் தனிப் பூட்டு, கல்லாவுக்குத் தனிப் பூட்டு. ஆனால் கொள்முதலுக்கும் பாக்கி வசூலுக்கும், கல்யாணம் காட்சிக்கும் குடும்பத்தோடு ஏறிப் போகிற காரில் இருந்து அவசரத்தில் வெளியே வர வழி என்ன என்று யோசித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இன்றைய கார்களில் பல, ஓடத் தொடங்கியதும் நான்கு கதவுகளையும் தாமே பூட்டிக்கொள்கின்றன. கண்ணாடி ஏறவும் இறங்கவும் மின்சாரம் வேண்டும். ஏ.சி. ஓடுவதால் எல்லாக் கண்ணாடியும் மூடியே இருக்கிறது. நல்ல நேரத்தில் இவையெல்லாம் வசதிகள்தாம். வண்டி தண்ணீரில் இறங்கிவிட்டாலோ, கவிழ்ந்து கதவு நெளிந்துவிட்டாலோ, முன்பக்கம் புகை கிளம்பிவிட்டாலோ இதே வசதிகள் நம்மை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகின்றன.

அந்த நேரத்துக்கு உதவ ஒரு சிறு கருவி இருக்கிறது. கண்ணாடியை உடைக்க ஒரு கூர்முனை, சீட் பெல்ட்டை அறுக்க ஒரு சின்னக் கத்தி, இரண்டும் சேர்ந்தது. விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஒரு டின் எண்ணெய் வாங்கும் பணத்தில் வீட்டில் உள்ள வண்டிகள் அனைத்துக்கும் வாங்கிப் போட்டுவிடலாம். ஆனால் வாங்கி டேஷ்போர்டு டப்பாவுக்குள் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவதற்கில்லை. அதைப் பற்றித்தான் இங்கே விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

நம் பக்கத்துப் பாதைகள்

மங்கலத்தில் இருந்து எந்தப் பக்கம் புறப்பட்டாலும் தண்ணீரை ஒட்டித்தான் போகிறோம். திருப்பூர் போனால் ஆண்டிபாளையம் குளம். சோமனூர் பக்கம் போனால் சாமளாபுரம் குளம். அவிநாசி போக நொய்யலையும் ரயில் பாதையையும் கடந்தாக வேண்டும். நல்லம்மன் தடுப்பணையில் வெள்ளம் புரளும் நாட்களில் வேடிக்கை பார்க்கக் குடும்பத்தோடு கார் எடுத்துப் போகிறவர்களும் உண்டு. பல்லடம், காங்கேயம், உடுமலைப் பக்கம் சரக்குக்குப் போகிறவர்களுக்குப் பி.ஏ.பி. வாய்க்கால் கரைப் பாதைகள் பழக்கமானவை. தண்ணீர் விட்ட காலத்தில் அந்த வாய்க்காலின் இழுப்பு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். போதாக்குறைக்குத் தோட்டங்களில் ரோட்டை ஒட்டி வெட்டிய கிணறுகள். பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவரே கிடையாது.

அடுத்தது ரயில்வே சுரங்கப்பாதைகள். திருப்பூர் ஒற்றைக்கண் பாலம் பெரிய மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நம் உறுப்பினர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோவைக்குப் போனால் அவிநாசி ரோடு மேம்பாலத்தின் அடிப்பாகம், லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே உள்ள சுரங்கப்பாதை, எல்லாம் ஒரு மணி நேர மழைக்கே தண்ணீர் கட்டும் இடங்கள்.

நாமோ விடிகாலையில் மார்க்கெட்டுக்குப் புறப்படுகிறவர்கள். இரவு கடை சாத்திவிட்டு வசூலுக்குப் போய்த் திரும்புகிறவர்கள். கண் அசரும் நேரமும், தண்ணீரின் ஆழம் தெரியாத இருட்டும் நமக்குத்தான் அதிகம்.

நடந்தவை

2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில், மழைநீர் நிறைந்திருந்த ரயில்வே சுரங்கப்பாதையில் ஒரு கார் சிக்கியது. காரில் இருந்தவர்கள் ஒரு பெண் மருத்துவரும் அவருடைய மாமியாரும். மாமியாரை மீட்டார்கள், மருத்துவர் இறந்துபோனார். ஊரை ஒட்டிய சின்ன சுரங்கப்பாதை அது. நம் பக்கத்தில் லெவல் கிராசிங்கை எடுத்துவிட்டுக் கட்டியிருக்கும் பாதைகளைப் போன்றதுதான்.

2023 மே 21 அன்று பெங்களூரு கே.ஆர். சர்க்கிளில், விதான சௌதாவுக்கு அருகிலேயே, குடும்பத்தோடு வாடகைக் காரில் வந்த 22 வயதுப் பெண் ஒருவர் சுரங்கப்பாதை நீரில் உயிரிழந்தார். நகரத்தின் நடுமையம், பட்டப்பகல், சுற்றிலும் ஆட்கள். 2024 செப்டம்பர் 13 இரவு, டெல்லியை அடுத்த ஃபரிதாபாத்தில் வங்கி ஊழியர் இருவர் ரயில்வே சுரங்கப்பாதை நீருக்குள் காரை விட்டார்கள். பெரிய, உயரமான, விலை கூடிய கார் அது. இருவருமே பிழைக்கவில்லை. ‘நம்முடையது உயரமான வண்டி, போய்விடலாம்’ என்கிற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஃபரிதாபாத்தே பதில்.

2025 மே 17 அன்று கோவையில் இருந்து தூத்துக்குடி மாவட்டத்துக்குக் கோயில் விழாவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் ஆம்னி வேன், சாத்தான்குளம் அருகே மீரான்குளத்தில் ரோட்டோரக் கிணற்றில் பாய்ந்தது. வேனில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மூவர் தப்பினார்கள். ஒரு குழந்தை உட்பட ஐந்து பேர் போய்விட்டார்கள். நம்மில் பலர் கடைச் சரக்கும் ஏற்றி, குடும்பத்தையும் ஏற்றிப் போவது அதே ஆம்னியில்தான். 2019-ல் கம்பெனி அந்த வண்டி தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் நம் ஊர்த் தெருக்களில் அது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த விபத்துகளில் ஒரு கருவி இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. தண்ணீருக்குள் போன காரில் கையில் இருக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பதற்காகவே இவற்றை எடுத்துக் காட்டுகிறோம்.

ஒரு நிமிடக் கணக்கு

கனடா நாட்டு மானிட்டோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் இருக்கிறார். ஆட்களை உள்ளே உட்காரவைத்தே கார்களைத் தண்ணீரில் இறக்கி, எப்படி வெளியே வருவது என்று திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்தவர். அவர் கண்டது இதுதான். கார் தண்ணீரில் விழுந்ததும் கல் போல மூழ்கிவிடுவதில்லை. அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடம் வரை மிதக்கிறது. எஞ்சின் இருக்கும் முன்பக்கம் கனம் என்பதால் மூக்கு முதலில் சாய்கிறது. மிதக்கும் அந்த நேரத்தில், தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறுவதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும். முதல் நிமிடத்தில் வெளியே வந்தவர் பிழைக்க வழி உண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு விநாடியும் கடினம்.

கதவை ஏன் திறக்க முடிவதில்லை? வியாபாரக் கணக்காகவே பார்க்கலாம். கதவின் அகலம் ஒரு மீட்டர் என்று வையுங்கள். கதவின் அடிப்பாகத்தில் இருந்து 60 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி உயரத்துக்கு வெளியே தண்ணீர் நிற்கிறது. உள்ளே இன்னும் நிறையவில்லை. அந்தக் கதவின் மேல் தண்ணீர் சாய்ந்து அழுத்தும் பாரம் சுமார் 180 கிலோ. நம் கடைக்கு வரும் 50 கிலோ சர்க்கரை மூட்டையில் மூன்றரை மூட்டையைக் கதவில் சாய்த்து வைத்துவிட்டு, உட்கார்ந்த நிலையிலேயே தள்ளித் திற என்று சொன்னால் யாரால் முடியும்? தண்ணீர் இரண்டு மடங்கு உயர்ந்தால் பாரம் இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிவிடுகிறது. எப்படியோ கதவைத் திறந்துவிட்டாலும் ஆபத்துதான். தண்ணீர் ஒரேயடியாக உள்ளே பாய்ந்து, மிதந்துகொண்டிருந்த வண்டியைச் சில விநாடிகளில் கீழே கொண்டுபோய்விடும். பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்கள் கதி என்ன?

ஆகவே கதவை மறந்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். முதலில் பெல்ட்டைக் கழற்றுவது. உடனே பக்கக் கண்ணாடியை இறக்குவது. பவர் விண்டோ தண்ணீர் பட்டதும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் முதல் சிறிது நேரம் அது வேலை செய்யும். ஆனால் தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு ஏறி அழுத்த ஆரம்பித்த பிறகு மோட்டார் ஓடினாலும் கண்ணாடி நகராது. கண்ணாடி இறங்கியதும் குழந்தைகளை முதலில் வெளியே தள்ளிவிட்டுப் பின்னால் நாம் வர வேண்டும். பெரியவர் முதலில் வெளியேறிவிட்டுப் பாயும் நீரில் திரும்பி உள்ளே கைவிட்டுக் குழந்தையை எடுப்பது நடக்காத காரியம். கையால் சுற்றி இறக்கும் கண்ணாடி உள்ள பழைய வண்டிக்காரர்களும் குட்டியானை டிரைவர்களும் இந்த ஒரு விஷயத்தில் பாக்கியசாலிகள்.

இந்த நேரத்தில் போனை எடுக்கக் கூடாது. 108-க்கோ 112-க்கோ வீட்டுக்கோ பேசுவது எல்லாம் வெளியே வந்த பிறகுதான். போனில் முகவரி சொல்லி முடிப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விடும்.

கண்ணாடி இறங்கவில்லை என்றால் அப்போதுதான் கருவி வருகிறது. அது முதல் வழி அல்ல, இரண்டாவது வழி.

எந்தக் கண்ணாடி உடையும்?

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இது. காரில் இரண்டு வகைக் கண்ணாடிகள் உண்டு. முன்கண்ணாடி லேமினேட்டட் வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் போன்ற ஒரு படலத்தை வைத்து ஒட்டியது. அடித்தால் சிலந்திவலை போல விரியுமே தவிரப் பிரியாது. கல் பட்டால் ஓட்டுநர் முகத்தில் தெறிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். 1903-ல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கை தவறிக் கீழே விழுந்த கண்ணாடிக் குடுவை ஒன்று, உள்ளே காய்ந்து படிந்திருந்த படலத்தால் சிதறாமல் நின்றதாம். அதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. முன்கண்ணாடியை உடைத்து வெளியே வரலாம் என்று எண்ணுவது வீண் முயற்சி.

பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை. கண்ணாடியைச் சூடேற்றிச் சட்டென்று குளிரவைப்பதால் மேற்பரப்பு இறுகிக்கொள்கிறது; உட்பகுதி இழுபட்டு நிற்கிறது. உள்ளங்கையால் அறைந்தாலும், காலால் உதைத்தாலும் தாங்கும். ஆனால் ஊசிமுனை போன்ற கடினமான பொருள் ஒரே புள்ளியில் மேற்பரப்பைத் துளைத்துவிட்டால், அடைபட்டிருந்த இழுவிசை முழுவதும் விடுபட்டுக் கண்ணாடி மொத்தமும் கல்கண்டுத் துண்டுகள் போல உதிர்ந்துவிடும். இதனால்தான் பெரிய ஸ்பேனரால் நாலு அடி அடித்தும் உடையாத கண்ணாடி, பட்டாணி அளவு முனைக்கு உடைந்து கொட்டுகிறது. பலம் முக்கியம் அல்ல, முனைதான் முக்கியம்.

இப்போது வரும் விலை கூடிய சில கார்களில் இரைச்சல் கேட்காமல் இருப்பதற்காக முன்கதவுக் கண்ணாடிகளையும் லேமினேட்டட் வகையிலேயே போடுகிறார்கள். அமெரிக்க மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2019-ல் ஆறு கருவிகளை எடுத்துச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. ஆகவே இன்றைக்கே உங்கள் காரின் ஒவ்வொரு கண்ணாடியின் கீழ் மூலையையும் பாருங்கள். கம்பெனி முத்திரையோடு டெம்பர்டு அல்லது டஃபன்டு என்றோ, லேமினேட்டட் என்றோ சிறிய எழுத்தில் பொறித்திருக்கும். முன்கதவு லேமினேட்டட் என்றால் பின்கதவுக் கண்ணாடிதான் நம் வழி. அதை விபத்து நேரத்தில் தேட முடியாது, இப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

சன் கண்ட்ரோல் ஃபிலிம் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது நினைவிருக்கும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி உடைந்தாலும் உதிராது. துண்டுகள் ஃபிலிமில் ஒட்டிக்கொண்டு திரை போலத் தொங்கும். உடைத்த பிறகு முழங்கையாலோ காலாலோ வெளிப்பக்கமாக உதைத்துத் தள்ள வேண்டும். பிடிவாதமாக ஃபிலிம் வைத்திருப்பவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

எதை வாங்குவது?

கடைகளில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று சுத்தியல் வகை. ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறக் கைப்பிடி, தலையில் இரண்டு பக்கமும் கூர்முனை, கைப்பிடியின் அடியில் கத்தி. மற்றொன்று ஸ்பிரிங் வகை. சாவிக்கொத்தில் மாட்டும் அளவே இருக்கும். முனையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விடுபட்டு ஊசியைப் பாய்ச்சும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் டிரில் போடுவதற்கு முன் இரும்பில் புள்ளி குத்தும் சென்டர் பஞ்ச்சில் ஆட்டோமேட்டிக் வகை ஒன்று உண்டு. அதே தத்துவம்தான். தறி மெக்கானிக்குகளுக்கும் நிட்டிங் மெஷின் மெக்கானிக்குகளுக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

எங்கள் கருத்தில் ஸ்பிரிங் வகையே மேல். சுத்தியலை ஓங்க இடம் வேண்டும். தண்ணீர் மார்பளவு வந்துவிட்டால் கையை வீசவே முடியாது. தலைகீழாகக் கவிழ்ந்து பெல்ட்டில் தொங்குகிறவருக்கும் அதே நிலைதான். ஸ்பிரிங் வகைக்கு ஓங்கல் தேவையில்லை. வயதானவரும், பத்து வயதுப் பிள்ளையும் அழுத்தலாம். மேலே சொன்ன சோதனையிலும் டெம்பர்டு கண்ணாடியை உடைப்பதில் ஸ்பிரிங் வகையே முந்தியது.

மலிவு என்று பார்த்து வாங்கினால் முனை மழுங்கிய போலிகளும் வந்து சேரும். முனை டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடின உலோகமாக இருக்க வேண்டும். நமக்குச் சரக்கின் தரம் பார்க்கத் தெரியாதா என்ன? உக்கடம் பழைய உதிரிபாகக் கடைகளிலோ பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலோ கழித்துப் போட்ட கதவுக் கண்ணாடி ஒன்று கேட்டு வாங்கி, அதன் மேல் சாக்குப் போட்டு மூடி, ஒரு முறை உடைத்துப் பார்த்துவிடுவது உத்தமம். கருவி நல்லதா என்பதும் தெரியும், கைக்குப் பழக்கமும் வரும். கண்ணைத் துணியால் மறைத்துக்கொள்ளாமல் இந்தச் சோதனை வேண்டாம்.

சீட்டின் தலையணையைக் கழற்றி அதன் இரும்புக் கம்பியால் கண்ணாடியை உடைக்கலாம், அதற்காகவே அதைக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு பரவலாக உலவுகிறது. அந்தக் கம்பி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. உயரம் மாற்றவும் கழற்றி வைக்கவுமே அப்படி அமைத்திருக்கிறார்கள். வேறு எதுவும் கையில் இல்லாதபோது முயன்று பார்க்கலாம். அதை நம்பிக் கருவி வாங்காமல் இருப்பது சரியல்ல.

எங்கே வைப்பது?

டேஷ்போர்டு டப்பாவில் வைத்தால் மோதலில் அந்த மூடி நெளிந்து திறக்காமல் போகலாம். டிக்கியில் வைப்பது வீட்டில் வைப்பதற்குச் சமம். முன்கண்ணாடிக்கு அருகில் மாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டால் மோதும்போது அதுவே நம் முகத்தில் வந்து அடிக்கும். கப் வைக்கும் குழியில் போட்டால் வண்டி ஒரு குலுக்கு குலுங்கியதும் சீட்டுக்கு அடியில் போய்விடும்.

பெல்ட் போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்து உட்காருங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். உடம்பை முன்னால் வளைக்காமல் கையை நீட்டினால் எட்டும் இடம் எதுவோ அதுதான் கருவியின் இடம். வலது கைக்கு எட்டுவது போலவே இடது கைக்கும் எட்ட வேண்டும். விபத்தில் எந்தக் கை அடிபடும் என்று யார் கண்டார்கள்? ஓட்டுநர் சீட்டுக்கும் கியருக்கும் இடையே உள்ள பக்கவாட்டில் கிளிப் போட்டு இறுக்கிவைப்பது நல்ல ஏற்பாடு. ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேல் எதையும் ஒட்டக் கூடாது. பின்சீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று தனியாக வேண்டும். நம் குடும்பங்களில் அம்மாவும் பிள்ளைகளும் உட்காருவது பின்னால்தானே?

வெயிலில் நின்று நின்று பிளாஸ்டிக் இளகும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம், மாலை போடுகிறோம், எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுகிறோம். அன்றைக்கே இந்தக் கருவியையும் எடுத்து ஒரு மரத்துண்டில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை முடிந்தது. பெல்ட் அறுக்கும் கத்தியைப் பழைய பை வார் ஒன்றில் சாய்வாக இழுத்துப் பார்க்கலாம். நேராக இழுத்தால் வெட்டாது, சாய்த்து இழுத்தால்தான் வெட்டும்.

உடைக்கும்போது கண்ணாடியின் நடுவில் வைக்க வேண்டாம். நடுப்பகுதி அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும். கீழ் மூலையை ஒட்டி வைத்து அழுத்த வேண்டும். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நம் தோளில் கிடக்கும் துண்டு கையில் சுற்றிக்கொள்ள உதவும். வண்டி தண்ணீரில் மூக்குச் சாய்ந்து நின்றால் முன்பக்கம் ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும். அப்போது பின்கதவுக் கண்ணாடியை உடைப்பதே மேல். எதுவுமே நடக்கவில்லை, உள்ளே தண்ணீர் கழுத்துவரை ஏறிவிட்டது என்றால், உள்ளும் வெளியும் நீர்மட்டம் சமமாகும் தருணத்தில் கதவு திறக்க வாய்ப்புண்டு. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாழை விடுவித்துத் தள்ள வேண்டும். இது கடைசி வழி. பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து அதுவும் திறக்காது என்பதை மறந்துவிடக் கூடாது.

சரக்கு ஏற்றும்போது

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் மளிகைக் கடைக்காரர்களான நமக்கு உண்டு. மார்க்கெட்டில் இருந்து திரும்பும்போது பின்சீட்டை மடக்கிப் பருப்பு மூட்டை, ஓட்டுநர் பக்கத்து சீட்டில் எண்ணெய் டின், காலடியில் சோப்புப் பெட்டி, கூரைவரை பிஸ்கட் அட்டை என்று அடைத்துவிடுகிறோம். மீதி இருக்கும் ஒரே வழி ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி. அந்தப் பக்கமாகவே வண்டி சாய்ந்து விழுந்தால் அதுவும் இல்லை. ஒரு நடை மிச்சம் பிடிப்பதற்காக இரண்டு பக்கத்தையும் அடைப்பது கட்டுப்படியாகாத வியாபாரம். இடதுபக்க முன்சீட்டையும் அதன் கண்ணாடியையும் காலியாக விடுங்கள். பின்னால் மூட்டைகளைக் கயிறு போட்டுக் கட்டுங்கள். தீப்பெட்டி, கற்பூரம், தீபாவளி நேரத்துப் பட்டாசு இவற்றைப் பயணிகள் காரில் ஏற்றுவது பற்றி இங்கே எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும்.

தண்ணீரைக் கண்டால் கருவி இருக்கிறது என்ற தைரியத்தில் இறங்குகிறவர்களும் இருக்கலாம். ஓடும் நீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டு அடி இருந்தால் பெரிய வண்டியும் தப்பாது. நொய்யல் பெருகும்போது தரைப்பாலத்தின் மேல் கலங்கலாக ஓடும் நீருக்கு அடியில் ரோடு இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று யாருக்கும் தெரியாது. அரை மணி சுற்றிப் போனால் டீசல் நூறு ரூபாய் கூடும், அவ்வளவுதான்.

ஆம்னி பஸ்ஸில்

சென்னைக்கும் பெங்களூருக்கும் கொள்முதலுக்காக இரவு பஸ்ஸில் போகிறவர்கள் நம்மில் அதிகம். 2013 அக்டோபர் 30 அன்று பெங்களூரில் இருந்து ஐதராபாத் போன சொகுசு பஸ், மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே தீப்பிடித்து 45 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 24 விடிகாலையில் கர்நூல் அருகே ஐதராபாத்–பெங்களூரு பஸ் எரிந்தபோது கதவு திறக்கவில்லை. தப்பியவர்களில் பலர் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் குதித்தவர்கள். பஸ்ஸில் ஜன்னலை ஒட்டிச் சின்னச் சுத்தியல் மாட்டியிருக்க வேண்டும். ஏறியதும் பெர்த்தைத் தேடுவதற்கு முன் அதைத் தேடுங்கள். பல பஸ்களில் மாட்டும் கொக்கி மட்டும் இருக்கும், சுத்தியல் இருக்காது. ஓட்டுநரிடமோ கிளீனரிடமோ கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் மாட்டுவார்கள். சாவிக்கொத்தில் நம்முடைய கருவி இருந்தால் அங்கும் கை கொடுக்கும். பஸ் ஜன்னல் கண்ணாடி எந்த வகை என்பதை மட்டும் மூலையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, வியாபாரிகள் பத்திரிகையில் வியாபாரம் பேசாமல் இருக்க முடியுமா? டார்ச் லைட், பேட்டரி, கொசுவத்தி தொங்கும் கம்பியில் இந்தக் கருவியையும் ஓர் அட்டை மாட்டிவைக்கலாம். மழைக்காலத்துக்கு முன் ஒரு டஜன் எடுத்துப் பார்த்தால் போதும். பெட்ரோல் பங்க் பக்கத்துக் கடைகளுக்கும் நால் ரோட்டுக் கடைகளுக்கும் நன்றாகப் போகும் என்று நினைக்கிறோம். விற்கும்போது வாடிக்கையாளரை அவருடைய காருக்கு அழைத்துப் போய்க் கண்ணாடி மூலையில் உள்ள எழுத்தைப் படித்துக் காட்டுங்கள். டெம்பர்டு என்றால் எந்த மூலையில் வைத்து அழுத்துவது என்று காட்டிக்கொடுங்கள். நான்கு கதவும் லேமினேட்டட் என்றால் பின்கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் அப்படியே என்றால் இந்தக் கருவி அவருக்குப் பெல்ட் அறுக்க மட்டுமே உதவும் என்று சொல்லியே விற்றுவிடலாம்.